குழாய்க் காய்ச்சல்

கை கழுவ இடம் காட்டியதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர். உங்கள் நிலையத்தில் வைத்திருப்பது துணி துவைக்கிற சோப்பு என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். அதில் கழுவினால் தோல் வெடிக்கும். வெடித்த இடத்தில் அழுக்குத் தங்கும். கார்பாலிக் சோப்பு ஒன்று வாங்கி வையுங்கள். துண்டையும் தினம் மாற்றச் சொல்லுங்கள். அந்தத் துண்டில் நான் கை துடைக்கவில்லை, அதனால்தான் உங்கள் மேசை ஈரமாகிவிட்டது.

நீங்கள் தமிழர் என்பதால் தமிழிலேயே சொல்கிறேன். என் பெயர் கமலவேணி. காஜா பெராங் சாலையில் இருக்கிற அந்தச் சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டு என் பொறுப்பு. நர்ஸ் என்று இங்கே யாரும் சொல்வதில்லை, எல்லோருக்கும் நான் மிஸ்ஸி. வருகிற ஆகஸ்டில் இந்த மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததும் எங்கள் வெள்ளைக்கார மேட்ரன் கப்பல் ஏறுகிறார். அவருக்குப் பிறகு அந்த நாற்காலி எனக்குத்தான் என்று அவரே பலபேர் முன்னால் சொல்லியிருக்கிறார். இதை நான் மறைக்கப் போவதில்லை. எப்படியும் யாராவது சொல்லிவிடுவார்கள்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. மீனாச்சி என்கிற அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் இருந்த காப்புக் கயிறு தடை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் செத்துக் கிடந்தபோது கயிறு அறுந்திருந்தது. தடை போன பிறகும் நான் ஏன் அவளுக்குத் தண்ணீர் ஏற்றவில்லை? நல்ல கேள்வி. எங்கள் டாக்டர் கத்தினார், அழுதார், என்மேல் புகார் கொடுத்தார். இதை மட்டும் கேட்கவில்லை. பதில் சொல்கிறேன், ஆனால் குழாயிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்கு விளங்கும்.

வெந்த உடம்பு ஓட்டைப் பானை மாதிரி. தோல் போன இடமெல்லாம் நீர் கசிந்துகொண்டே இருக்கும். முதல் இரண்டு நாளும் ரத்தத்தில் தண்ணீர் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் நாடி விழுந்து ஆள் போய்விடுவார். அதற்காகக் கையிலோ காலிலோ நல்ல தோல் இருக்கிற இடமாகப் பார்த்துக் கீறி, ரத்தக் குழாய்க்குள் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகிக் கட்டுவோம். காப்பாற்றுவது அந்தக் குழாய். கொல்வதும் அதுதான். அது நுழைகிற இடத்தில் துளி அழுக்குப் பட்டால் போதும், நேராக ரத்தத்தில் கலந்துவிடும். தீயில் பிழைத்து, எழுந்து உட்கார்ந்து, கஞ்சி குடித்து, சொந்தக்காரர்களோடு சிரித்துப் பேசியவர்கள், சில நாள் கழித்துக் கட்டில் ஆட ஆட நடுங்கிச் சாவதை, வார்டு என் பொறுப்புக்கு வருமுன் நான் பார்த்திருக்கிறேன். வார்டில் அதைக் குழாய்க் காய்ச்சல் என்போம்.

அதை ஒழித்தது நான்தான். மேட்ரன் வழி சொன்னார், செய்தது நான். முழங்கை வரை தேய்த்துக் கழுவாமல் யாரும் குழாய்ப் பக்கம் வரக்கூடாது. வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எதுவும் கூடாது. கட்டு நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். குழாயில் ஈரம் பட்டால் அதை உருவிவிட வேண்டும். ஒருமுறை உருவிய இடத்தில் மறுபடி போடக்கூடாது. இந்தக் கடைசி விதி மட்டும் நானாகச் சேர்த்தது. ஒரு வருகை மருத்துவரையே கல்யாண மோதிரத்தைக் கழற்ற வைத்தேன். நக இடுக்கில் மண்ணோடு வந்த ஒரு பயிற்சி நர்ஸின் விரலை, கொதிநீரிலிருந்து எடுத்த இடுக்கியால் சூட்டோடு பிடித்தேன். அதன் பிறகு அவள் நகத்தில் மண்ணைப் பார்த்ததில்லை.

அப்பாசாமி என்று தெங்கேராவிலிருந்து ஒருவர் வந்தார். கள்ளுக்கடையில் வேலை. அரிப்பு தாங்காமல் கட்டுக்குள் விரலை விட்டுச் சொறிவார். இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். பிறகு அந்தக் கையைக் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். கொஞ்சம் இறுகிவிட்டது. அவர் முனகியது மற்ற நோயாளிகளைத் தொந்தரவு செய்ததால் கதவைச் சாத்தி வைத்தேன். இரண்டு விரல் கறுத்துப்போய் எடுக்கவேண்டி வந்தது, ஆனால் காய்ச்சல் வரவில்லை. அவர் வீட்டுக்குப் போன நாளில் அவர் மனைவி எனக்கு ஒரு பலாப்பழம் கொண்டுவந்து கொடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கொடுத்தாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் கண்டிப்பானவள் என்பது மீனாச்சி வருவதற்கு முன்பே ஊருக்குத் தெரியும். யாரும் அப்போது இன்ஸ்பெக்டரைக் கூப்பிடவில்லை.

மீனாச்சியைச் சனிக்கிழமை காலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பக்கத்துக் குடியிருப்பான செட்டிக் கம்பத்துப் பெண். அவர்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். சாரோங் கட்டி, கெபாயாச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதி பூசி, மலாய் பேசுகிறவர்கள். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி என்னைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பினார். இவர்களோ எங்களுக்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்து, கோயிலைப் பிடித்துவைத்துக்கொண்டு, பேச்சைத் தொலைத்துவிட்டவர்கள். எனக்கு அவர்களைக் கண்டால் எரிச்சல். நோயாளியிடம் எரிச்சலைக் காட்டக்கூடாது என்பதும் தெரியும். காட்டவில்லை.

மறுநாள் அவர்களுடைய மாரியம்மன் கோயிலில் திருவிழா. குழந்தைக்காக நேர்ந்துகொண்டு காப்புக் கட்டி விரதம் இருந்திருக்கிறாள். விரதச் சமையலுக்கு மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைக்கப் போய், அது வெடித்துக் கெபாயாவில் தீப்பிடித்துவிட்டது. முகம் தப்பியது. முதுகு, மார்பு, இரண்டு கால், வலது கை, இடது தோளிலிருந்து முழங்கைக்குக் கீழ்வரை எல்லாம் வெந்துபோயின. நல்ல தோல் என்று மிச்சம் இருந்தது இடது முன்கையில், மணிக்கட்டை ஒட்டிக் கொஞ்சம். மஞ்சள் கயிறு அங்கேதான் இருந்தது. கயிறு இருந்த இடத்தைத் தீ தொடவில்லை என்று அவள் அம்மா தெய்வானை வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

எங்கள் டாக்டர் கலியாணசுந்தரம் சிங்கப்பூரில் படித்துவிட்டு வந்த இளம் ஆள். கயிற்றுக்கு ஒரு விரல் மேலே கீறிக் குழாயைச் செருகினார். அழகாகத்தான் செய்தார். தண்ணீர் சொட்டத் தொடங்கியதும் அந்தப் பெண்ணின் உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தது. தெய்வானை ஒரு பித்தளைக் கிண்ணத்தில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து, விரலால் தொட்டுக் கயிற்றை நனைத்தாள். தீக்காயம் என்றால் அம்மனின் சூடு, கயிறு காயாமல் இருந்தால் சூடு தணியும் என்பது அவர்கள் நம்பிக்கை. மஞ்சள் தண்ணீர் கட்டின் ஓரத்தில் ஊறுவதை நான் பார்த்தேன்.

"டாக்டர், இது இருந்தா கட்டு நனைஞ்சிக்கிட்டே இருக்கும். அறுத்துடலாம்," என்றேன்.

தெய்வானை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஜாங்ஙான், டாக்டர், ஜாங்ஙான்," வேண்டாம், வேண்டாம் என்று மலாயில் கெஞ்சினாள்.

"விடுங்க மிஸ்ஸி. நாளைக்கு இவங்க மகளுக்குப் பதிலா பால்குடம் எடுக்கப் போறாங்க. சாயங்காலம் கோயில்ல முடிஞ்சதும் இவங்களே வந்து அவுத்துடுவாங்க. அதுவரைக்கும் கட்டு நனைஞ்சா மாத்துங்க, அவ்வளவுதானே?"

"ரத்தத்துல ஏறிச்சின்னா யாரு பொறுப்பு?"

"நான் பொறுப்பு. அந்தப் புள்ள அந்தக் கயிறப் புடிச்சிக்கிட்டுத்தான் உயிரோட இருக்கு. எல்லாத்துக்கும் ரூல்ஸ் பாக்காதீங்க மிஸ்ஸி."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் தெய்வானை முன்னால் சொன்னார். தரை துடைக்கிற பாக்கியலட்சுமி முன்னால் சொன்னார். பாக்கியலட்சுமி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தை வெளியில் காட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. போய்க் கை கழுவிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை அவள் நன்றாகத்தான் இருந்தாள். சிறுநீர் இறங்கியது, நாடி விழாமல் இருந்தது. டாக்டர் திருப்தியாக, "நாளைக்குக் காலை வரைக்கும் தண்ணி நிக்காம போவணும் மிஸ்ஸி, நின்னா புள்ள தாங்காது. வாயால ஒண்ணும் குடுக்க வேணாம், வாந்தி எடுக்குது," என்று சொல்லிவிட்டு, கோயில்காரர்கள் கூப்பிட்டார்கள் என்று ஊர்வலத்தோடு போனார். வெயிலில் மயங்கி விழுகிறவர்களைப் பார்க்க ஒரு டாக்டர் வேண்டுமாம். தெய்வானையும் கிளம்பினாள். போவதற்கு முன் கிண்ணத்தில் விரலை விட்டுக் கயிற்றை இன்னொரு முறை நனைத்தாள். மகளிடம் ஏதோ சொன்னாள். மகள் தலையாட்டினாள்.

அவர்கள் படியிறங்கியதும் நான் கட்டைப் பிரித்தேன். ஓரம் மஞ்சளாக இருந்தது. குழாயை உருவினேன்.

ஈரம் பட்ட குழாயை உருவ வேண்டும் என்பது விதி, அதனால் உருவினேன் என்றுதான் டாக்டரிடம் சொன்னேன். உங்களிடம் சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஈரம் துணியோடு நின்றிருந்தது, குழாயைத் தொடவில்லை. கட்டை மட்டும் மாற்றியிருந்தால் போதும்.

பிறகு அவள் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்ற எனக்குத் தெரியும். டாக்டர் இல்லாத நேரங்களில் எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன். கயிற்றுக்கு நேர் அடியில் நல்ல ரத்தக் குழாய் ஓடியது. கயிற்றை அறுத்தால் ஊசியைப் போடலாம். இதை நான் மீனாச்சிக்கு எடுத்துச் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன், கத்தரிக்கோலைக் காட்டியதால் அவளுக்குப் புரிந்தது. கையை இழுத்துத் தாடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். நான் வற்புறுத்தவில்லை. ஒருவருடைய நேர்த்திக்கடனைப் பலவந்தமாக அறுக்கிற ஆள் இல்லை நான். அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

வெந்தவர்களுக்கு வருகிற தாகத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கொஞ்ச நேரத்தில் அவள் உதட்டை நக்க ஆரம்பித்தாள். பிறகு நக்குவதற்கு நாக்கில் ஈரம் இல்லை.

"மிஸ்ஸி, ஆயேர்," என்றாள். "தோலோங், மிஸ்ஸி. ஆயேர்."

தண்ணீர் கேட்கிறாள், உதவச் சொல்கிறாள். நான் இந்த ஊரில் பிறந்தவள், மலாய் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. புரியவில்லை என்று தலையாட்டினேன்.

பாக்கியலட்சுமி குழல் வைத்த கோப்பையோடு வந்து நின்றாள். "மிஸ்ஸி, அந்தப் புள்ளக்கி நாக்கு ஒட்டிக்கிச்சி பாருங்க. தண்ணியும் ஏறல. ஒரு முழுங்கு குடுத்தா என்னா?"

"வாயால ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது உன் காதுல விழல? வாந்தி எடுத்து மூச்சு அடைச்சா நீயா பதில் சொல்லுவே? கை கழுவுனியா மொதல்ல?"

அவள் கையைப் பார்த்துக்கொண்டாள். கழுவியிருக்கவில்லை. வெளியே போய்ப் படிக்கட்டைத் துடைக்கச் சொன்னேன். முந்தின நாள் சிரித்தவள் அன்று சிரிக்கவில்லை. உங்களிடம் முதலில் வாய் திறந்தது அவள்தான் என்று நினைக்கிறேன். இருக்கட்டும்.

ஊர்வலம் எங்கள் சாலை வழியாகத்தான் போயிற்று. உறுமிச் சத்தம் கேட்டதும் மீனாச்சி தலையைத் திருப்பிச் சன்னலைப் பார்த்தாள். தன் பால்குடம் போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். தூசி வருமே என்று நான் சன்னலைச் சாத்தினேன்.

அதற்குப் பிறகுதான் அவள் கையைத் தாடையிலிருந்து எடுத்து என் பக்கம் நீட்டினாள். "போத்தோங், மிஸ்ஸி," என்றாள். அறுத்துவிடு என்று அர்த்தம்.

"என்ன சொல்ற? தமிழ்ல சொல்லு."

அவள் விழித்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் சாமி பேரும் மஞ்சள், விபூதி என்கிற மாதிரி சில சொற்களும்தான். நான் சொல்லிக்கொடுத்தேன். "கயித்த அறுங்க. சொல்லு." அவள் சொன்னாள். முதல் தடவை வாய் ஒட்டிக்கொண்டு ஒன்றும் விளங்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடி சொன்னாள். சத்தமாக என்றேன். "கயித்த அறுங்க, மிஸ்ஸி" என்று அவள் கடைசியில் தெளிவாகச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. இத்தனை தலைமுறையாக யாரும் கற்றுக்கொடுக்காததை ஒரு மதியத்தில் கற்றுக்கொண்டாளே என்றுகூட நினைத்தேன்.

நான் எழுந்துபோய் முழங்கை வரை கழுவினேன். கத்தரிக்கோலைக் கொதிக்க வைத்தேன். அடுப்பில் தண்ணீர் கொதிக்க நேரம் ஆகும். கொதிக்காத கத்தரிக்கோலை என் வார்டில் யாரும் நோயாளிமேல் வைத்ததில்லை, அன்றும் வைக்கவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அழவில்லை. அழுவதற்கு உடம்பில் நீர் வேண்டும். வந்து கயிற்றை அறுத்தேன். ஒரே வெட்டு.

"தெரிமா காசே, மிஸ்ஸி," என்றாள். நன்றி சொன்னாள். இனித் தண்ணீர் வரும் என்று நினைத்துவிட்டாள்.

உங்கள் கேள்வி இங்கேதான் வருகிறது. நான் ஊசியை எடுத்தேன். பாட்டில் தலைக்குமேல் தொங்கியது, முக்கால்வாசி இருந்தது. கயிறு இருந்த இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். பஞ்சைத் திருப்பிப் பார்த்தேன்.

பஞ்சு வெள்ளையாக இருந்தது, இன்ஸ்பெக்டர். லேசாக மஞ்சள் சாயம், அவ்வளவுதான். அழுக்கில்லை, சிவப்பில்லை, ஒரு பருகூட இல்லை. அந்த உடம்பிலேயே சுத்தமான இடம் கயிற்றுக்கு அடியில் இருந்த அந்த ஒரு வளையம்தான். ரத்தக் குழாய் பச்சையாகத் தெரிந்தது, ஒரு குழந்தைகூட ஊசி போட்டிருக்கலாம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நான் ஊசியைப் போட்டிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். சாயங்காலம் டாக்டர் வந்து அந்த இடத்தைப் பார்ப்பார். கயிற்றால் ஒன்றும் ஆகவில்லையே, எதற்குக் குழாயை உருவினீர்கள் என்று கேட்பார். தெய்வானை முன்னால் கேட்பார். பாக்கியலட்சுமி சிரிப்பாள். மேட்ரன் காதுக்குப் போகும். மறுநாளிலிருந்து ஒருவன் மஞ்சள் கொண்டுவருவான், இன்னொருவன் வேப்பிலை கொண்டுவருவான், மிஸ்ஸி சொன்னதெல்லாம் சும்மா என்பார்கள். பிறகு குழாய்க் காய்ச்சல் திரும்பி வரும். எத்தனை பேர் சாவார்கள்? ஒருத்தியைப் பார்ப்பதா, வரப்போகிற எல்லோரையும் பார்ப்பதா? ஒருமுறை உருவிய இடத்தில் மறுபடி போடக்கூடாது என்கிற விதியும் இருக்கிறது. ஒரே கைதான், ஒரே இடம் என்று வைத்துக்கொள்ளலாம். நான் ஊசியைத் தட்டில் வைத்து மூடினேன்.

அவள் பாட்டிலைக் காட்டினாள். பிறகு, நான் கற்றுக்கொடுத்ததைத் திரும்பச் சொன்னாள். அதைச் சொன்னால்தான் தண்ணீர் வரும் என்று எண்ணிக்கொண்டாளோ என்னவோ. கயிற்றை அறுத்த பிறகும், கயித்த அறுங்க, கயித்த அறுங்க என்று குரல் இருக்கிறவரை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். ஈ உட்காராமல் விசிறினேன். யாரும் என்மேல் கவனக்குறைவு என்று குற்றம் சொல்ல முடியாது.

தெய்வானை கோயிலிலிருந்து பாலும் விபூதியும் கொண்டு, கயிற்றைத் தன் கையால் அவிழ்க்க ஓடிவந்தாள். மகள் முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் மணிக்கட்டைத்தான் பார்த்தாள். யார் அறுத்தது என்று மலாயில் கேட்டாள். அப்போது மட்டும் நான் மலாயில் பதில் சொன்னேன், அவளுக்கு நன்றாக விளங்க வேண்டும் என்பதற்காக. உன் மகள்தான் அறுக்கச் சொன்னாள், திரும்பத் திரும்பச் சொன்னாள், பாக்கியலட்சுமியைக் கேட்டுப்பார், படிக்கட்டு வரை கேட்டிருக்கும் என்றேன். அந்த அம்மாள் பால் செம்பைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். கடைசி நேரத்தில் நேர்த்தியை முறித்ததால்தான் மகள் போனாள் என்று இப்போது நம்புகிறாளாம். கம்பத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்களாம். நான் திருத்தப் போகவில்லை.

நீங்கள் இதைக் கொலை என்று எழுதினால் எழுதுங்கள். குழாயை உருவியது நான், ஊசியைப் போடாமல் வைத்தது நான், அவள் சாவாள் என்று தெரிந்தே உட்கார்ந்திருந்தது நான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்குக் கீழே இன்னொன்றையும் சேர்க்க வேண்டும், சேர்க்காவிட்டால் போட மாட்டேன். அந்தப் பெண்ணின் ரத்தத்தை எந்தப் பரிசோதனைச் சாலைக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள், ஒரு கிருமி இருக்காது. என் வார்டில் குழாய்க் காய்ச்சலில் யாரும் சாகவில்லை. மேட்ரனுக்கு ஒரு நகல் அனுப்பிவிடுங்கள்.